மாரீஸ்வரி போட்ட இரட்டை அவர்கள்

கம்பம் பேருந்து நிலையத்துக்குப் பின்புறச் சந்தில், ஒரு செல்போன் கடையும் ஒரு பரோட்டாக் கடையும் இரண்டு பக்கமும் நெருக்க, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறது மாரி கிராபிக்ஸ். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு மின்விசிறி, ஒரு மாரீஸ்வரி. வாடிக்கையாளர் இரண்டு பேர் வந்தால் ஒருவர் சந்தில்தான் நிற்க வேண்டும். மூன்றாவதாக வருகிறவர் பரோட்டாக் கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு செட் சாப்பிட்டுவிட்டு வரலாம். அதற்கும் மாரீஸ்வரிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

முப்பத்தாறு வயதான மாரீஸ்வரியிடம் ஒரு குணம் உண்டு. ஒரு வேலையை ஒருமுறை செய்யச் சொன்னால் சந்தோஷமாகச் செய்வாள். அதையே இரண்டாம் முறை செய்யச் சொன்னால் முகம் மாறும். மூன்றாம் முறை என்றால் எதிரில் இருப்பவர் கொஞ்சம் நகர்ந்துகொள்வது நல்லது. பள்ளிக்கூடத்தில், இனி வகுப்பில் பேச மாட்டேன் என்று நூறு தடவை எழுதச் சொன்னபோது மூன்று பேனாக்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, ஒரே இழுப்பில் மூன்று வரி எழுதினாள். முடிவில் நூற்றிரண்டு வரி வந்துவிட்டது. கூடுதலாக வந்த இரண்டை அடித்துவிடு என்று சொன்ன டீச்சரோடு வகுப்பிலேயே வாதாடி, பேச மாட்டேன் என்று இன்னொரு நூறு வாங்கினாள். சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு பாடுபட்ட ஆளை எங்கள் பக்கம் யாரும் பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவளுக்குக் கடவுளாகப் பார்த்துக் கொடுத்ததுதான் 'கண்டுபிடி, மாற்று' என்கிற வசதி. ஒரு பெயர் நூறு இடத்தில் தப்பாக இருந்தால், ஒரே தட்டில் நூறும் சரியாகும். அந்தச் சின்னப் பெட்டியின் ஓரத்தில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று எழுதி, பக்கத்தில் டிக் போட ஒரு கட்டம் இருந்தது. நாலு வருடம் அந்தக் கட்டத்தைக் கேஸ் சிலிண்டரைப் பார்ப்பதுபோல் எட்ட நின்று பார்த்தாள். வியாபாரமே இல்லாத ஓர் ஆடி மாதத்து மத்தியானம், போரடித்துப்போய் டிக் போட்டாள். யூடியூபில் யாரோ ஒருவர் மூக்கடைத்த குரலில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் கடை அடைக்கும்போது அவள் வேறு ஆளாக வெளியே வந்தாள்.

அன்றைக்கே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டரின் நெற்றியில் ஒட்டினாள். ஓர் எழுத்துக்குப் பின்னால் நட்சத்திரம் போட்டால், அந்த எழுத்து எத்தனை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. கூட்டல் குறி போட்டால், குறைந்தது ஒன்றாவது இருந்தே ஆக வேண்டும். கேள்விக்குறி போட்டால், ஒன்று இருக்கலாம், இல்லாமலும் போகலாம், அதற்கு மேல் கூடாது. நெளி அடைப்புக்குள் இரண்டு எண் கொடுத்தால், இத்தனையிலிருந்து இத்தனை வரை. இவ்வளவுதான் மந்திரம். இதை வைத்துக்கொண்டு அவள் வீட்டையே படுத்தி எடுத்தாள். ராத்திரி எத்தனை தோசை என்று கேட்டால் கணவர் எண்ணிக்கை சொல்லக் கூடாது, குறி சொல்ல வேண்டும். தேனியில் மில்லுக்கு வேலைக்குப் போய்க் களைத்து வந்த அந்த மனிதர் ஒருநாள் ஞாபகமில்லாமல் நட்சத்திரம் என்று சொல்லிவிட்டார். இல்லாவிட்டாலும் சரி என்றுதானே அர்த்தம் என்று வெறும் தட்டை வைத்தாள். அதிலிருந்து அவர் கூட்டல் என்று மட்டும்தான் சொல்லுவார், அதுவும் சத்தமாக.

இந்த வித்தையோடு அவள் பத்திரிகை அடிக்கிற தொழிலில் இருந்தது ஒருவகையில் பொருத்தம், ஒருவகையில் ஆபத்து. எங்கள் பள்ளத்தாக்கில் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை என்றால் மாப்பிள்ளை, பெண், நாள், நேரம் எல்லாம் ஒரு மூலையில் கிடக்கும். பாக்கி நாலு பக்கமும் பேர்தான். பெரியப்பா, சித்தப்பா, அவர்களின் மருமகன்கள், மருமகன்களின் வேலை, வெளிநாட்டில் இருந்தால் ஊர். பேர் விட்டுப்போனால் பேச்சுவார்த்தை போய்விடும். பேர் இருந்து, பின்னால் 'அவர்கள்' விட்டுப்போனால் அதைவிட மோசம். பேரையே மறந்தவனை மன்னித்தாலும் மன்னிப்பார்கள். ஞாபகமாகப் பேரைப் போட்டு மொட்டையாக விட்டவனை எப்படி மன்னிப்பது?

அனுசுயாவின் வீட்டில் நடந்தது அதுதான். அனுசுயா மாரீஸ்வரியோடு ஒரே பெஞ்சில் படித்தவள். பதினொரு வருடத்துக்கு முன் நடந்த அவளுடைய கல்யாணத்தில் ஓடி ஓடி வேலை பார்த்தவர் அவளுடைய ஒரே அண்ணன் தவசி. லோயர் கேம்பில் ஜீப் ஓட்டுகிறார், மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு போவார். ஏதோ ஓர் அச்சகத்தில் அடித்த அந்தப் பத்திரிகையில் முந்நூறு பேருக்கு அவர்கள் இருந்தது. தவசிக்கு மட்டும் இல்லை. வெறும் தவசி. தங்கச்சியைக் கட்டிக்கொடுத்து, மாப்பிள்ளை வீட்டு வண்டியில் ஏற்றி அனுப்பும் வரை அவர் ஒன்றும் சொல்லவில்லை. பந்தியில் மட்டும் உட்காரவில்லை. மாப்பிள்ளை வேலுச்சாமி, ஒரு வார்த்தைக்கா இம்புட்டு, என்று சிரித்துத் தொலைத்தார். அன்றோடு போக்குவரத்து நின்றது.

இப்போது அனுசுயாவுக்கு இரண்டு பிள்ளைகள். மகிழனுக்கு ஏழு வயது, சுபாஸ்ரீக்கு ஐந்து. இரண்டு பேருக்கும் இன்னும் காது குத்தவில்லை, ஏனென்றால் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். யாராவது சித்தப்பா மடியில் வைத்து முடித்துவிடலாம் என்று புகுந்த வீட்டில் சொல்லிப் பார்த்தார்கள். அனுசுயா அசையவில்லை. நாள் குறித்த கையோடு மாரீஸ்வரியின் கடைக்கு வந்து, ஒரு காலைச் சந்திலும் ஒரு காலைக் கடையிலும் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"எங்கண்ணே மடியில்லாம எம்பிள்ளைக காதுல ஊசி படாது மாரி. இந்தத் தடவையும் பத்திரிகையில எதும் பிசகுச்சுன்னா அவுக வரவே மாட்டாக."

"ஒரு அவர்கள்கூட விட்டுப்போகாது. நா பொறுப்பு," என்றாள் மாரீஸ்வரி. வாழ்க்கையில் அவள் சொன்ன வாக்குகளிலேயே அச்சு அசலாக நிறைவேறியது இது ஒன்றுதான். ஒன்றும் விட்டுப்போகவில்லை.

பேர்ப்பட்டியல் வாட்ஸ்அப்பில் இரண்டு துண்டாக வந்தது. பிறந்த வீட்டுப் பேர்களை அனுசுயா அனுப்பினாள். நூற்றெண்பது பேர், வரிக்கு ஒருவர், கமா கிடையாது, புள்ளி கிடையாது, துடைத்துவிட்டதுபோல் இருந்தது. புகுந்த வீட்டுப் பேர்களை வேலுச்சாமி அனுப்பினார். இருநூற்று முப்பத்திரண்டு பேர். வேலுச்சாமி திராட்சை விவசாயி, கைக்கு எது கிடைத்தாலும் உரம் தூவுவதுபோல் தூவுகிறவர். ஒவ்வொரு பேருக்குப் பின்னாலும் கமா. சிலருக்கு இரண்டு, சிலருக்கு ஐந்து. ஒரு சின்ன மாமனாருக்குப் பதினொரு கமா.

நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் கமாவை எடுத்துவிட்டு 'அவர்கள்' போட வேண்டும். கையால் செய்கிறவர்கள் ஒரு நாள் உட்கார்ந்து செய்வார்கள். மாரீஸ்வரி விரலை நெட்டி முறித்தாள். கமா எத்தனை இருந்தாலும் சரி, அனுசுயா பட்டியலைப்போல் இல்லாவிட்டாலும் சரி, எல்லாருக்கும் அவர்கள் வர வேண்டும். அப்படியானால் நட்சத்திரம்தானே? 'கண்டுபிடி' கட்டத்தில் ,* என்று அடித்தாள். 'மாற்று' கட்டத்தில் 'அவர்கள்' என்று அடித்தாள். எல்லாவற்றையும் மாற்று என்பதைத் தட்டினாள்.

கம்ப்யூட்டர் இரண்டு விநாடி யோசித்தது. பிறகு திரை முழுக்க அவர்கள், அவர்கள், அவர்கள். பேரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தவசி இப்படி இருந்தார்: 'அவர்கள் த அவர்கள் வ அவர்கள் ச அவர்கள் ி அவர்கள்'. நமக்கு மூன்றெழுத்துப் பேர். கம்ப்யூட்டர் சி-யின் மேல்விலங்கைத் தனியாகக் கழற்றி நாலு என்று எண்ணி, முன்னால் ஒன்று, இடையிடையே மூன்று, பின்னால் ஒன்று என ஐந்து மரியாதை செய்திருந்தது. நீளமான பேர்க்காரர்களின் கதி சொல்லி முடியாது. சங்கிலியம்மாள் என்கிற அத்தை திரையைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்.

மாரீஸ்வரி சிரித்த சிரிப்பில் பரோட்டா மாஸ்டர் மாவோடு வந்து எட்டிப் பார்த்தார். சிரித்து முடித்ததும் யோசித்தாள். தப்பு கம்ப்யூட்டருடையது இல்லை. இல்லாவிட்டாலும் சரி என்று அவள்தான் சொன்னாள். த-வுக்கும் வ-வுக்கும் நடுவில் கமா இல்லை. இல்லாவிட்டாலும் சரி என்று உத்தரவு இருக்கிறதே, அதனால் அங்கே ஒன்று. எழுத்துக்கு எழுத்து எல்லா இடுக்கிலும் கமா இல்லாமல்தான் இருக்கிறது. நீளமே இல்லாத அந்த இடத்தையும் கிடைத்ததாகத்தான் அது கணக்கில் வைக்கும். வெறும் இடத்தை வெறும் இடம் என்று விட்டுவிடுகிற புத்தி மனிதருக்குத்தான் உண்டு, அதுவும் எல்லா மனிதருக்கும் கிடையாது.

பழையபடி திருப்பிவிட்டு, நட்சத்திரத்தை எடுத்துக் கூட்டல் குறி போட்டாள். வேலுச்சாமி பக்கம் ஆளுக்கு ஒரு அவர்கள், அழகாக வந்தது. ஐந்து கமா என்றாலும் பதினொன்று என்றாலும் ஒரே வாயில் அள்ளிக்கொண்டு ஒன்று மட்டும் போட்டது. ஆனால் மேலே போனால், அனுசுயா பக்கம் நூற்றெண்பது பேரும் மொட்டை. ஒரு கமாவாவது இருந்தால்தானே கூட்டல் குறி திரும்பிப் பார்க்கும்? மொட்டைகளின் நடுவே, பதினொரு வருடத்துக்கு முன் அச்சான அதே கோலத்தில், வெறும் தவசி. மாரீஸ்வரி அவசரமாக அதையும் திருப்பினாள்.

மூன்றாவது யோசனை பிரமாதமானது. அதுதான் கெடுத்தது. நட்சத்திரமே இருக்கட்டும், ஆனால் வரியின் கடைசியில் மட்டும் பார் என்று கட்டிப்போட்டுவிட்டால்? அதற்கு டாலர் குறி. ,*$ என்று அடித்துத் தட்டினாள். திரையில் மேலே இருந்தது அனுசுயாவின் பட்டியல். சங்கிலியம்மாள் அவர்கள். நாகம்மாள் அவர்கள். தவசி அவர்கள். பேருக்கு ஒன்று, கடைசியில், கச்சிதமாக. மாரீஸ்வரி நாற்காலியில் சாய்ந்து, தனக்குத்தானே ஒரு டீ சொல்லிக்கொண்டாள். கீழே உருட்டிப் பார்க்கவில்லை.

உருட்டியிருந்தால் தெரிந்திருக்கும். வேலுச்சாமி பக்கத்தில் இருநூற்று முப்பத்திரண்டு பேருக்கும் 'அவர்கள் அவர்கள்' என்று இரண்டிரண்டாக விழுந்திருந்தது.

சரி, அச்சுக்குப் போகுமுன் யாரும் பார்க்கவில்லையா என்றால், எல்லாரும் பார்த்தார்கள். புரூஃப் இரண்டு வீட்டு வாட்ஸ்அப் குழுவுக்கும் போனது. எங்கள் பக்கம் புரூஃப் பார்ப்பது என்றால், எறும்பு ஊர்வதுபோல் இருக்கும் அந்தப் பொடி எழுத்தில் தன் பேரைத் தேடிக் கண்டுபிடிப்பது. கண்டுபிடித்ததும் போனைக் கீழே வைத்துவிடுவார்கள். அனுசுயா தவசி அவர்களைப் பார்த்தாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள், சரி என்றாள். வேலுச்சாமி தன் பேருக்குப் பின்னால் இரண்டு அவர்கள் இருப்பதைப் பார்த்தார். மனைவியின் சிநேகிதி தன்மேல் வைத்திருக்கும் தனி மதிப்பு என்று நினைத்துக்கொண்டு அமைதியாக இருந்துவிட்டார். இதே முடிவுக்கு மற்ற இருநூற்று முப்பத்தொரு பேரும் தனித்தனியாக வந்திருந்தார்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. தகுதிக்கு மேலே கிடைத்ததாக யாருக்கும் தோன்றவும் இல்லை.

ஆயிரத்து இருநூறு பத்திரிகை அடித்து, பெரியகுளத்திலிருந்து கூடலூர் வரை கொடுத்து முடித்த பிறகுதான் அனுசுயாவின் பிறந்த வீட்டு உறவில் யாரோ ஒருவர் பத்திரிகையை முழுசாக வாசித்துத் தொலைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தது. பிறந்த வீட்டுக்கு ஒற்றை, புகுந்த வீட்டுக்கு இரட்டை என்பது எப்படிக் கைத்தவறாக இருக்க முடியும்? நூற்றெண்பது பேருக்கும் ஒன்று, இருநூற்று முப்பத்திரண்டு பேருக்கும் இரண்டு, ஒரு பேர்கூட மாறவில்லை. இவ்வளவு சுத்தமாகத் தப்பு செய்யத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே கிடையாது, இது வேண்டுமென்றே செய்தது என்று அனுசுயாவின் கெங்குவார்பட்டிச் சித்தப்பா போனில் தீர்ப்பே சொல்லிவிட்டார். அவர் மாரீஸ்வரியையும் விடவில்லை. வேலுச்சாமியின் தம்பி மகன் பேரும் பத்திரிகையில் இருந்தது. பயலுக்கு வயது இரண்டு.

"ரெண்டு வயசுப் பயலுக்கு ரெண்டு அவர்கள் போட்டுருக்க. வயசுக்கு ஒண்ணுன்னு கணக்கா? அப்ப எனக்கு எழுபது போடு," என்றார்.

மாரீஸ்வரி எத்தனையோ சமாதானம் சொன்னாள், எதுவும் ஏறவில்லை. இதற்கு நடுவில் சின்னமனூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர் வந்து, எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் அந்த டபுள் மாடல் வேண்டும் என்றார். அவர் போன அரைமணி நேரத்தில் அவருடைய பங்காளி வந்து மூன்று கேட்டார். வேறு நாளாக இருந்தால் மாரீஸ்வரி இதை ஒரு வாரம் சொல்லிச் சிரித்திருப்பாள். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் சாயங்காலம் அனுசுயா வந்து, உள்ளே வராமல் சந்திலேயே நின்று அழுதாள். லோயர் கேம்பிலிருந்து சங்கிலியம்மாள் அத்தை பேசினார்களாம். தவசி கொதித்துப்போய் இருக்கிறாராம். காதுகுத்து என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாராம். விசேஷத்துக்கு இன்னும் ஒன்பது நாள்தான். அனுசுயா திட்டியிருந்தால்கூட மாரீஸ்வரிக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை, அழுதுவிட்டுப் போய்விட்டாள். மாரீஸ்வரிக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

கடையை அடைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து, ஒரே ஒரு வரியை எடுத்து வைத்துக்கொண்டு குடைந்தாள். கமா இருக்கிற பேருக்கு மட்டும் ஏன் இரண்டு? ஒன்றைத் தட்டுவாள், பார்ப்பாள், திருப்புவாள். பிடிபட்டபோது நெற்றியில் அடித்துக்கொண்டாள். வரிக் கடைசியில் இருக்கிற கமாவையெல்லாம் அது முதலில் அள்ளிக்கொண்டது. அதற்கு ஓர் அவர்கள். அள்ளிய பிறகு நிற்கிற இடமும் வரிக் கடைசிதான், அங்கே இப்போது கமா இல்லை. இல்லாவிட்டாலும் சரிதானே? அதற்கும் ஓர் அவர்கள். கமாவே இல்லாத தவசிக்கு அந்த இரண்டாவது சங்கதி மட்டும்தான் நடந்தது. முதலில் கூட்டல் குறி வைத்துக் கமாவைத் துடைத்துவிட்டு, அடுத்த படியாக வரிக்கு ஓர் அவர்கள் சேர்த்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. அதாவது, இரண்டு தடவை செய்திருக்க வேண்டும். எந்தக் காரியத்தையும் இரண்டு தடவை செய்யாத மகராசிக்கு இது புரிந்தபோது வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு லோயர் கேம்புக்குக் கிளம்பினாள். கூடலூர் தாண்டியதும் மலைக்காற்று முகத்தில் அடித்தது, அவளுக்கோ வேர்த்துக்கொண்டே இருந்தது. தவசி முதல் நடை போய்விட்டு வந்து, ஜீப் ஸ்டாண்டில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். ஓட்டிப் பழகிய தோள், கலைந்த மீசை. தங்கச்சியின் சிநேகிதியைப் பார்த்ததும் வாளியை வைத்துவிட்டு, இம்புட்டுத் தூரம் என்னத்தா என்று கேட்டார். காதுகுத்துப் பத்திரிகை விசயமாக, என்று மாரீஸ்வரி ஆரம்பித்ததும் முகம் இறுகியது. மறுபடியும் வாளியை எடுத்துக்கொண்டார்.

விட்டால் போச்சு என்று மாரீஸ்வரி நின்ற வாக்கில் ஆரம்பித்தாள். கமா, நட்சத்திரம், டாலர் எல்லாம் சொல்லிப் பார்த்தாள். அவர் சக்கரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவள் கண்ணில் பட்டவர் பிரின்ஸ். ஸ்டாண்டில் வண்டிகளுக்கு நேரம் பார்த்து விசில் அடிக்கிறவர்.

"அண்ணே, பிரின்ஸண்ணங்கிட்ட ஒரு சோலி சொல்லுறோம்னு வைங்க. ஸ்டாண்டுல வந்து நிக்கிற வண்டிக்கு ஒரு விசில் அடிங்க, ஆளு இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரின்னு. ஆளோட ஒரு ஜீப்பு வருது, அடிக்கிறாக. ஆளெல்லாம் எறங்கிப் போயிருது. இப்ப அதே எடத்துல ஆளில்லாத ஜீப்பு நிக்கிதுல்ல, சொன்ன சொல்லு மாறக் கூடாதுன்னு அதுக்கும் ஒண்ணு அடிக்கிறாக. வெறும் வண்டியா வந்தா ஒண்ணே ஒண்ணுதேன்."

தவசியின் கை நின்றது. ஜீப் என்று வந்ததும் அவருக்கு அக்கறை வந்துவிட்டது. அப்படிப் பார்த்தால் வெறும் வண்டி நிற்கிற வரைக்கும் விசில் அடித்துக்கொண்டே இருக்க வேண்டுமே, ஏன் இரண்டோடு நிறுத்துகிறார் என்று கேட்டார். நல்ல கேள்வி, யூடியூப்காரரிடம்கூட யாரும் கேட்காத கேள்வி. ஒரே வெறும் இடத்துக்கு இரண்டு முறை அடிக்கக் கூடாது, ஒன்று அடித்ததும் அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிட வேண்டும் என்று மெசினுக்கு ஒரு சட்டம் உண்டு, இல்லையென்றால் சாகும் வரை ஊதிக்கொண்டே இருக்கும் என்றாள் மாரீஸ்வரி. தன் பேர் அடிபடுவதைக் கேட்டு வந்த பிரின்ஸுக்கு ரோஷம். பன்னிரண்டு வருட சர்வீஸில் தான் ஒரு வெறும் வண்டிக்கும் ஊதியதில்லை, யார் இந்தப் புரளியைக் கிளப்பியது என்று சண்டைக்கு வந்தார். அவரைச் சமாதானப்படுத்தி டீக்கடைக்கு அனுப்ப ஐந்து நிமிடம் பிடித்தது.

அவர் போனதும் மாரீஸ்வரி மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள். வேலுச்சாமிக்குக் கிடைத்த இரண்டாவது அவர்கள் அவருக்கானதே இல்லை, ஆள் இறங்கிப்போன வெறும் ஜீப்புக்கு அடித்த விசில். தவசி அண்ணனுக்கு வந்தது ஒன்றுதான், ஆனால் அந்த ஒன்று அவள் ஆசை ஆசையாகப் பார்த்துப் போட்டது.

தவசி சிரித்துவிட்டார். மலைக்கு மேலே போய்ப் போய் ஒட்டிக்கொண்ட மலையாளப் பழக்கத்தில், "அதே, அதே," என்று தலையாட்டினார். வெறும் ஜீப்புக்கு விசில் என்று இன்னொரு தடவை சொல்லிச் சிரித்தார். மாரீஸ்வரிக்கு உயிர் திரும்பி வந்தது. அப்படியென்றால் கோபம் போய்விட்டதா, காதுகுத்துக்கு வருவீர்களா என்று கேட்டாள்.

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. துணியைப் பிழிந்து, ஜீப்பின் மூக்கில் காயப்போட்டார்.

"ஒண்ணா, ரெண்டான்னு ஊரே அடிச்சுக்கிறாக. நா எங்க மாரி அதப் பாத்தேன்? எனக்குப் பத்திரிகையே வரலையே."

ஒன்று கிடைத்தவர்கள் இரண்டு கேட்டுக் கத்தினார்கள். ஒன்றுமே கிடைக்காதவர் இங்கே ஜீப் கழுவிக்கொண்டிருந்தார். தாய்மாமனுக்குத்தான் முதல் பத்திரிகை, தட்டு வைத்து, வெற்றிலை பாக்கோடு, வீடு தேடி வந்து கொடுக்க வேண்டும். நானூறு பேர் வரிசையில் நின்று சண்டை போட்டதில் அந்தத் தட்டு எங்கே போனது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளும்தான் கேட்கவில்லை.

கொஞ்சம் தள்ளிப்போய் அனுசுயாவுக்குப் போன் போட்டாள். அவுகதேன் போய்க் குடுத்துட்டு வந்தாகளே என்று அனுசுயா பதறினாள். அண்ணன் முகத்தைப் பார்க்கப் பயந்து அவள் கணவரைத் தனியாக அனுப்பியிருந்தாள். போன் கை மாறியது. வேலுச்சாமி இருமினார், தொண்டையைச் செருமினார், அப்புறம் உண்மை வந்தது. தட்டோடு கூடலூர் வரைக்கும் போனாராம். மச்சான் ஏதாவது சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயம் வந்துவிட்டதாம். திரும்பி வந்து, கொடுத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டாராம். தட்டில் இருந்த வாழைப்பழம் என்னவானது என்று அனுசுயா பின்னாலிருந்து கேட்டது தெளிவாகக் கேட்டது. வேலுச்சாமி மறுபடியும் இருமினார். உடனே கிளம்பி வாருங்கள், இரண்டு பேரும் சேர்ந்து வாருங்கள் என்று மட்டும் சொல்லி மாரீஸ்வரி போனை வைத்தாள்.

முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டார்கள். மோட்டார் சைக்கிளின் பின்னால் அனுசுயா தட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழியில் புதுசாக வாங்கிய பழம், வெற்றிலை, மேலே பத்திரிகை. இறங்கி, தட்டோடு வண்டிப் பக்கத்திலேயே நின்றாள். இரட்டை அவர்களுக்குச் சொந்தக்காரரான வேலுச்சாமி அவளுக்குப் பின்னால் ஒளிந்ததுபோல் நின்று, மச்சான், வந்து, என்று ஆரம்பித்து அதோடு நின்றார். தவசி ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து தட்டை வாங்கினார். ஸ்டாண்டே பார்த்துக்கொண்டிருந்தது. பத்திரிகையைப் பிரித்து அவர் தன் பேரைத் தேடுவார் என்று மாரீஸ்வரி காத்திருந்தாள். அவர் பிரிக்கவே இல்லை. தட்டை ஜீப்பின் மேல் வைத்துவிட்டு, டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். பாலிதீன் பையில் சுற்றிய ஒரு சிவப்பு நகைப்பெட்டி வந்தது. ஓரமெல்லாம் தேய்ந்து, கிரீஸ் பட்டிருந்தது. திறந்தார். உள்ளே குட்டியாக இரண்டு ஜோடிக் கம்மல்.

"நாள் குறிச்சிருக்கீகன்னு காதுல விழுந்த அன்னிக்கே வாங்கிட்டேன்த்தா. எப்பக் கூப்புடுவீகன்னு ஜீப்புலயே வச்சுக்கிட்டுத் திரியுறேன்."

அனுசுயா பெட்டியை வாங்கவில்லை. அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு ஜீப்பின் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.